கடினமானது கீறாது என்றொரு நம்பிக்கை

“மெட்டீரியலை இன்னும் கொஞ்சம் ஹார்டா ஆக்குங்க சார், கீறல் பிரச்சினை தானா முடிஞ்சிரும்.” கார் கதவின் உட்புறத் தகடு ஒன்றை மேசையில் போட்டு, அதன் மேல் நகத்தால் ஒரு கோடு இழுத்துக் காட்டிவிட்டு, வாடிக்கையாளர் தரப்பு எஞ்சினியர் சொன்னது இது. கறுப்புத் தகட்டில் அந்தக் கோடு வெள்ளை வெளேரென்று தெரிந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். நான் அப்போது பிளாஸ்டிக் பாகங்களின் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். தலையாட்ட மனம் வரவில்லை, மறுத்துப் பேசக் கையில் ஆதாரமும் இல்லை. உறுத்தியது ஒரு சின்ன விஷயம். அதே கதவின் விளிம்பைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை எங்கள் தகட்டைவிடப் பல மடங்கு மென்மையானது. அதன் மேலும் ஷூ உரசுகிறது, பை உரசுகிறது, சாவிக்கொத்து உரசுகிறது. அதில் கீறல் விழுந்ததாக ஒரு புகார்கூட வந்ததில்லை. கடினம்தான் கீறலைத் தடுக்கிறது என்றால், முதலில் அலங்கோலமாக வேண்டியது அந்த ரப்பர்தானே?

அந்த வேலையை விட்டு வந்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. போன் திரைக்கு ஒட்டும் கார்டு, மூக்குக்கண்ணாடி, தரை விரிப்பு என எதை வாங்கப் போனாலும் அதே வாக்கியம் வேறு வேறு வாய்களில் வருகிறது. முழுப் பொய் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். பாதி உண்மை என்பதுதான் தொல்லை.

பென்சில் சொல்வது

நம்பிக்கைக்கு வயது இருநூறுக்கு மேல். 1812இல் ஃபிரெட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியக் கனிமவியலாளர் பத்துக் கனிமங்களை எடுத்து, எது எதைக் கீறுகிறது என்று பார்த்து வரிசைப்படுத்தினார். டால்க் 1, குவார்ட்ஸ் 7, குருந்தம் (நீலக்கல் இதன் ஒரு வகை) 9, வைரம் 10. கீறுவதை வைத்தே கடினத்தை அளந்துவிட்டதால், இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் அந்த அளவுகோலுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. பாறைகளுக்கு அது போதும். பாலிமர்களோ, அதாவது பிளாஸ்டிக், ரப்பர் போன்ற நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆன பொருள்களோ, இந்த வரிசையின் அடித்தட்டில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் சொல்ல மோஸ் உதவமாட்டார்.

அதனால் பெயின்ட், கோட்டிங் ஆட்கள் பென்சிலை எடுத்தார்கள். ஐஎஸ்ஓ 15184 என்ற சோதனை முறையில், நுனியைத் தட்டையாகத் தேய்த்த பென்சிலை 45 டிகிரி சாய்வில், 750 கிராம் சுமையோடு பரப்பின் மேல் தள்ளுவார்கள். தடம் பதிக்காத பென்சில்களில் மிகக் கடினமானது எதுவோ, அதுதான் அந்தப் பரப்பின் மதிப்பெண். பென்சிலில் கிராஃபைட்டோடு களிமண் கலந்திருக்கும். களிமண் கூடக் கூட ‘எச்’ எண் ஏறும். உச்சம் 9எச். போன் திரையைக் காக்கும் கார்டின் அட்டைப்பெட்டிகளில் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்களே, அந்த 9எச் இதுதான். இதை மோஸ் வரிசையின் 9 என்று நினைத்து, நீலக்கல்லுக்கு நிகரான ஒன்று ஐந்து நிமிடத்தில் போனில் ஒட்டப்படுகிறது என்று நம்புபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் துணுக்கு மோஸ் வரிசையில் 7. அது சாதாரணக் கண்ணாடியையே கீறும். பென்சிலை வென்ற கார்டு மணலிடம் தோற்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

பென்சில் சோதனையை நான் மட்டம் தட்டவில்லை. ஒரே ஆலையில், ஒரே கம்பெனிப் பென்சிலை வைத்து, நேற்றைய கோட்டிங்கையும் இன்றைய கோட்டிங்கையும் ஒப்பிட அது அருமையான கருவி. ஆனால் அது தரும் ஒற்றை எண்ணுக்குள் கோட்டிங்கின் கடினம், அது அடியில் ஒட்டியிருக்கும் வலு, பென்சிலோடு அதற்குள்ள உராய்வு, தள்ளியவரின் கை எல்லாம் கலந்துதான் இருக்கின்றன. அட்டையில் அச்சிட்டு வாக்குறுதி கொடுக்க லாயக்கான எண் அல்ல அது.

முனைக்கு அடியில்

ஒரு முனை பாலிமரின் மேல் அழுந்தி நகரும்போது என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். முதலில் பரப்பு உள்வாங்குகிறது. எவ்வளவு உள்வாங்கும் என்பதை மீட்சிக்குணகம், அதாவது பொருளின் விறைப்பைச் சொல்லும் எண், முடிவு செய்கிறது. கண்ணாடிக்கு அது ஏறக்குறைய 70 கிகாபாஸ்கல். அக்ரிலிக்குக்கு 3, பாலிபுரொப்பிலீனுக்கு ஒன்றரை. ரப்பருக்குச் சில மெகாபாஸ்கல், அதாவது அக்ரிலிக்கின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில். குணகம் குறைந்தால் முனை ஆழமாக இறங்கும். ஆழமாக இறங்குவதால் தொடுபரப்பு அகலும். அகலுவதால் அதே சுமை பரவி, அழுத்தம் தணியும். முனை கடந்து போனதும் பரப்பு எழும்பி வந்துவிட்டால் கீறல் என்று எதுவும் மிஞ்சாது. கதவு ரப்பரின் ரகசியம் இவ்வளவுதான். பல மடங்கு இழுபட்டும் திரும்பி வரக்கூடிய பொருளை, ஒரு சாவி கொடுக்கும் திரிபு (உருமாற்றம்) அதன் எல்லை வரை கொண்டுபோவதே இல்லை.

எல்லை என்று சொன்னேன் இல்லையா, அங்கேதான் கடினம் வருகிறது. சாதாரண எஃகு அரைச் சதவீதம்கூட மீட்சியாக வளையாது. அதற்குள் நிரந்தரமாக உருக்குலையத் தொடங்கிவிடும். பாலிமர்கள் சில சதவீதம் வரை போய்த் திரும்பி வரும். எனவே கடினத்தை மட்டும் பார்க்காமல், கடினத்தை மீட்சிக்குணகத்தால் வகுத்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது. 2000ஆம் ஆண்டில் லேலண்ட், மேத்யூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் தேய்மானத்தைப் புரிந்துகொள்ள இந்த விகிதம்தான் முக்கியம் என்று எழுதிய கட்டுரை கோட்டிங் உலகில் மிகப் பிரபலம். ஒரு பொருளைக் கடினமாக்கும்போது அதன் விறைப்பும் சேர்ந்து ஏறிவிட்டால், நாம் கொடுத்ததை இன்னொரு கையால் பிடுங்கிக்கொள்கிறோம் என்பது அதன் சாரம். கூட்டத்தில் அன்று எனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்த வாதத்தில் பாதி இது.

எல்லையைத் தாண்டினால்? அதற்குப் பல விதங்கள் உண்டு. முனை மழுங்கலாக இருந்தால் வழவழப்பான ஒரு பள்ளமும், அதன் இரு கரையிலும் ஒதுங்கி எழும்பிய வரப்பும் மட்டும் வரும். கூர்மை கூடினால் பொருள் சீவலாகவே வெட்டுப்பட்டு வெளியே வரும். இரண்டுக்கும் நடுவில், பலர் கவனிக்காத ஒன்று நடக்கிறது: விரிசல் முனைக்கு முன்னால் விழுவதில்லை, பின்னால்தான் விழுகிறது. முனைக்கு முன்னால் இருக்கும் பொருள் நெருக்கப்படுகிறது, பின்னால் இருப்பது இழுபடுகிறது. பாலிமர்கள் நெருக்கலை நன்றாகத் தாங்கும், இழுப்பில்தான் கிழியும். அந்த இழுப்பு எவ்வளவு என்பதை உராய்வு முடிவு செய்கிறது. உராய்வு கூடினால் அதே சுமையில் பின்பக்க இழுப்பு எகிறும். அக்ரிலிக் போன்று எளிதில் நொறுங்கும் பொருளில் பிறை பிறையாக விரிசல் விழும். பாலிபுரொப்பிலீனில் முனை ஒட்டிக்கொண்டும் வழுக்கியும் மாறி மாறி நகர்ந்து, மீன் செதிலைப் போல அடுக்கடுக்கான தடம் வரும். உருப்பெருக்கியில் பார்த்தால் அழகாகவே இருக்கும், நம் தயாரிப்பாக இல்லாத வரைக்கும்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பிரையன் பிரிஸ்கோவும் அவருடைய கூட்டாளிகளும் 1990களில் இந்த விதங்களையெல்லாம் வரைபடமாகவே போட்டார்கள். ஒரு அச்சில் முனையின் கோணம், இன்னொன்றில் சுமை. இந்தப் பகுதியில் மீண்டுவிடும், இந்தப் பகுதியில் உழும், இங்கே விரிசல், இங்கே சீவல். ஒரே பாலிமர் ஒரே படத்தில் இத்தனை விதமாக நடந்துகொள்கிறது. வெப்பநிலையையோ வேகத்தையோ மாற்றினால் எல்லைக் கோடுகளும் நகர்ந்துவிடும். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு, “இந்தப் பொருளின் கீறல் தாங்கும் திறன் இவ்வளவு” என்று ஒற்றை எண்ணாக யாராவது சொன்னால், எந்த முனை, எவ்வளவு சுமை, எத்தனை டிகிரியில் என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை.

இரண்டு தகடுகள்

சரி, கதவுத் தகட்டுக்கு வருகிறேன். அது டால்க் கலந்த பாலிபுரொப்பிலீன். கார் உட்புறத்தில் இது சர்வ சாதாரணம். தூய பாலிபுரொப்பிலீன் தனியாக அவ்வளவு விறைப்பாக இருக்காது. டால்க் தூள் கலந்தால் விறைப்பு கூடும், அச்சிலிருந்து எடுத்த பிறகு சுருங்குவதும் குறையும். மோஸ் வரிசையில் ஆகக் கடைசியில் இருக்கும் கனிமத்தைச் சேர்த்து ஒரு பிளாஸ்டிக்கை விறைப்பாக்குகிறோம் என்பதே எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும். கூட்டத்தில் வந்த யோசனையை நடைமுறைப்படுத்துவதென்றால், டால்க்கை இன்னும் ஏற்றுவதுதான் கைக்கு எட்டிய வழி.

அதற்கு முன் ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று, டால்க் இல்லாத தகட்டையும் டால்க் உள்ள தகட்டையும் ஒரே அச்சில், ஒரே கறுப்பு நிறத்தில் வார்த்து எடுத்தோம். கீறல் இயந்திரத்தில் வைத்தோம். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஹுங்-ஜூ சூவின் குழு பல ஆண்டுகள் செய்த வேலையிலிருந்து பிறந்த முறை இது. ஏஎஸ்டிஎம் டி7027 என்று தரப்படுத்தியிருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டுமுனையை, சுமையைச் சீராக ஏற்றிக்கொண்டே, ஒரே கோட்டில் இழுப்பார்கள். ஒரே கீறலுக்குள் தொட்டும் தொடாத தடம் முதல் கிழிசல் வரை எல்லாம் வரிசையாகப் பதிந்துவிடும். எந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது, எந்த இடத்தில் செதில் வருகிறது என்று அளவுகோல் வைத்துப் படிக்கலாம்.

டால்க் உள்ள தகட்டில், இழுக்கத் தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே வெள்ளைக் கோடு எழும்பிவிட்டது. டால்க் இல்லாததில் கோட்டின் பெரும்பகுதி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிந்தது. இதுவரை யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் பள்ளத்தின் ஆழத்தை அளந்தோம். வெள்ளையாகப் பல்லைக் காட்டிய கீறல்தான் ஆழம் குறைந்தது. கண்ணுக்குத் தட்டுப்படாத கீறல்தான் ஆழமானது. மறுநாள் அளந்தபோது இரண்டுமே இன்னும் கொஞ்சம் மேடேறியிருந்தன. பாலிமர் ராத்திரி முழுக்கத் தன்பாட்டுக்கு மீண்டுகொண்டே இருந்திருக்கிறது. ஆனால் வெள்ளை மட்டும் அப்படியே இருந்தது.

கடினத்தைப் பற்றிய சண்டை எனக்கு அந்த அளவீட்டோடு முடிந்தது. விறைப்பான தகடு, சொன்னபடியே, முனையைக் குறைவாகத்தான் உள்ளே விட்டிருக்கிறது. வாக்கியத்தின் பாதி உண்மை அது. ஆனால் வாடிக்கையாளரின் புகார் ஆழத்தைப் பற்றியதே அல்ல. டால்க் துணுக்கும் பாலிமரும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இடம், முனையின் பின்பக்க இழுப்பில் பிய்ந்து விடுகிறது. பிய்ந்த இடமெல்லாம் நுண்ணிய வெற்றிடம். ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். வெற்றிடங்கள் அந்த அளவை நெருங்கும்போது ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்து வெள்ளையாகத் தெரிகின்றன. கறுப்பு நிறத்தில் பளிச்சென்று தெரியும். அதே பள்ளம் வெளிர் சாம்பல் நிறத் தகட்டில் விழுந்தால் பாதிப் பேர் கவனிக்கமாட்டார்கள். பளபளப்பான பரப்பில் தெரிவது, மணல்மணலான கிரெயின் உள்ள பரப்பில் மறைந்துவிடும். ஆக, புகாரில் இருந்த கீறலில் ஒரு பங்கு தகட்டில் இருந்தது, இன்னொரு பங்கு வெளிச்சத்திலும் பார்த்தவரின் கண்ணிலும் இருந்தது. டால்க்கைக் கூட்டியிருந்தால் ஆழம் இன்னும் குறைந்திருக்கும், புகார் இரட்டிப்பாகியிருக்கும்.

முடிவில் செய்தது மூன்று: டால்க்கில் ஒரு பகுதியைக் குறைத்தோம், கிரெயினை மாற்றினோம், வழுக்கும் சேர்மானம் ஒன்றைச் சேர்த்தோம். மூன்றாவதுதான் பெரிய வேலை செய்தது. எரூகமைடு போன்ற இந்தச் சேர்மானங்கள் பாலிமரோடு முழுக்க ஒத்துப்போகாமல் மெல்ல மேற்பரப்புக்கு ஊர்ந்து வந்து படியும். உராய்வு இறங்கும், பின்பக்க இழுப்பு இறங்கும், செதில் தோன்றுவது இன்னும் அதிகச் சுமைக்குத் தள்ளிப்போகும். இந்தச் சேர்மானத்தால் பொருளின் கடினம் துளியும் மாறவில்லை. இதற்கும் விலை உண்டு. மேலே ஊர்ந்து வந்தது வெயிலிலும் சூட்டிலும் பிசுபிசுக்கலாம், அளவு மிஞ்சினால் பெயின்ட் ஒட்டாது, பசை ஒட்டாது. சிலிக்கோன் வகைச் சேர்மானங்கள் இந்த விஷயத்தில் சாதுவானவை, ஆனால் பணம் கூடுதல்.

இரண்டு ஒளிபுகும் பிளாஸ்டிக்குகள்

ஒளிபுகும் பிளாஸ்டிக்குகளில் இந்தப் பேரம் இன்னும் கறாராக நடக்கிறது. 1930களில் சந்தைக்கு வந்த அக்ரிலிக், 1953இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல்லும் அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியாகக் கண்டறிந்த பாலிகார்பனேட். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். சுத்தியலால் அடித்தால் அக்ரிலிக் உடையும், பாலிகார்பனேட் துள்ளும். நகத்தால் இழுத்தால் கதை தலைகீழ். பென்சில் சோதனையில் அக்ரிலிக் ‘எச்’ பக்கம் நிற்கும், பாலிகார்பனேட் மென்மையான ‘பி’ பென்சில்கள் பக்கம் சரிந்துவிடும். அடி தாங்க வேண்டுமானால் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றின் மேல் ஒன்று எளிதாக நழுவி ஆற்றலை விழுங்க வேண்டும். அதே நழுவல்தான் ஊசிமுனைக்குக் கீழே நிரந்தரப் பள்ளமாகிறது. உடையாமையையும் கீறாமையையும் ஒரே பொருளிடம் முழுசாகக் கேட்பது கொஞ்சம் பேராசை.

எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து தேர்ந்தெடுத்தால் கீறல் ஒரு பொருட்டே இல்லை. 1965இல் நாசா விண்வெளிப் பயணங்களுக்குத் தகுதி கொடுத்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரத்தின் மேல்மூடி அக்ரிலிக்தான். 1969இல் அப்போலோ 11 வீரர்களோடு போனதும் அதுதான். கீறல் விழும், ஆனால் எடையற்ற கலத்துக்குள் கண்ணாடிச் சில்லுகளாகச் சிதறி மிதக்காது. பூமிக்கு வந்த பிறகு பசை தடவித் தேய்த்தால் கீறலும் போய்விடும். தேய்த்துப் பளபளப்பாக்க முடிவதையும் கீறல் தாங்கும் திறனில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. பழசாகி மங்கிய விமான ஜன்னல்களை இன்றும் படிப்படியாக நைசான உப்புத்தாள்களால் தேய்த்து மீட்கிறார்கள். நீலக்கல் மூடியில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் வீட்டில் உட்கார்ந்து அப்படிச் செய்ய முடியாது.

மென்மையாக இருந்து ஜெயிப்பவை

ரப்பரைச் சும்மா உதாரணத்துக்குச் சொல்லவில்லை. தேய்மானம் கடுமையாக இருக்கும் இடங்களில் மென்மையான பாலிமர்கள்தான் கொடிகட்டிப் பறக்கின்றன. மூலக்கூறு எடை பல லட்சங்களில் இருக்கும் மிகைநீளச் சங்கிலிப் பாலிஎத்திலீனை நகத்தால் அழுத்தினால் தடம் பதியும். ஆனால் நிலக்கரியும் தாதுவும் சரிந்து இறங்கும் சரிவுகளுக்கு உள்பூச்சாக அதைத்தான் போடுகிறார்கள். அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி செயற்கை இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்கு முதலில் டெஃப்லானைப் பயன்படுத்தினார். உராய்வு மிகக் குறைவு என்பதுதான் காரணம். சில ஆண்டுகளுக்குள் கிண்ணங்கள் தேய்ந்து போயின. 1962இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். உராய்வு டெஃப்லானைவிட அதிகம், தேய்மானமோ பல மடங்கு குறைவு. இடுப்பு மாற்று சிகிச்சை உலகம் முழுக்கப் பரவியது அதற்குப் பிறகுதான். உராய்வைக் குறைத்தால் போதும் என்று மேலே நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு யாராவது ஓடினால், அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லி நிறுத்தலாம்.

1960களில் ராட்னரும் லங்காஸ்டரும் கண்ட தொடர்பு இதைச் சுருக்கமாகச் சொல்கிறது: பாலிமரின் தேய்மானம், அது அறுபடும் தகைவையும் (ஒரு பரப்பளவின் மேல் வரும் விசை) அறுபடும்போது உள்ள நீட்சியையும் பெருக்கி வரும் தொகைக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். வலு மட்டும் போதாது, வலுவோடு நீளவும் வேண்டும். டெஃப்லானின் சங்கிலிகள் ஒன்றையொன்று சரியாகப் பற்றிக்கொள்வதில்லை, உதிர்ந்துகொண்டே இருக்கும். நீண்டு சிக்கிக்கிடக்கும் பாலிஎத்திலீன் சங்கிலிகள் விடுவதில்லை. பாலியூரித்தேன் சக்கரங்களும் உருளைகளும் ஏன் அத்தனை உழைக்கின்றன என்பதற்கும் இதே பதில்தான்.

தானாக ஆறும் கீறல் என்று விளம்பரம் செய்யப்படும் பூச்சுகளும் இதே வீட்டுப் பிள்ளைகள். 2005இல் நிசான் காருக்கு அப்படி ஒரு ‘கிளியர் கோட்’, அதாவது பெயின்ட்டுக்கு மேல் வரும் நிறமற்ற பூச்சு, அறிவித்தது. 2013இல் எல்ஜி ஜி ஃப்ளெக்ஸ் போனின் முதுகில் அந்த மாதிரிப் பூச்சு வந்தது. மந்திரம் எதுவும் இல்லை. குறுக்குப் பிணைப்புகளால் கட்டிப்போட்ட மென்மையான வலை. அமுங்கிய இடம் மெதுவாகப் பழைய வடிவுக்கு வருகிறது, வெந்நீர் ஊற்றினால் வேகமாக வருகிறது. சங்கிலிகள் அசையச் சூடு உதவும், பிணைப்புகள் பழைய இடத்தை நினைவில் வைத்திருக்கும். ஒரு நிபந்தனை: பொருள் இடத்தை விட்டு ஒதுங்கியிருக்க வேண்டுமே தவிர, அறுபட்டிருக்கக் கூடாது. சாவியால் ஆழமாகக் கிழித்தால் எந்த வெந்நீரும் ஒட்டவைக்காது. விற்பவர்கள் செய்து காட்டும்போது எப்போதும் பித்தளைக் கம்பித் தூரிகையையே எடுப்பதையும் கத்தியை எடுக்காததையும் கவனியுங்கள்.

மேலே ஒரு மெல்லிய பூச்சு

மென்மை, கடினம் இரண்டையும் பங்கு பிரித்துக் கொடுப்பதுதான் மூக்குக்கண்ணாடிக்காரர்களின் வழி. அடியில் அடி தாங்கும் பாலிகார்பனேட். மேலே சில மைக்ரான் தடிமனில் சிலிக்காவும் கரிமப் பிணைப்புகளும் கலந்த சிலாக்ஸேன் கோட்டிங். சிஆர்-39 என்ற பழைய லென்ஸ் பிளாஸ்டிக் இந்தக் கோட்டிங் இல்லாமலேயே ஓரளவு தாக்குப்பிடித்தது, அதன் சங்கிலிகள் குறுக்கே பிணைக்கப்பட்டவை என்பதால். பாலிகார்பனேட்டுக்குக் கோட்டிங் இல்லாமல் பிழைப்பில்லை. புளூரே வட்டும் இதே சிக்கலில் மாட்டியது. சிடியில் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட்டுக்கு அடியில் பாதுகாப்பாக இருந்த தகவல் அடுக்கு, புளூரேயில் பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வந்துவிட்டது. முதலில் வந்த வட்டுகளை உறைக்குள் அடைத்தே விற்றார்கள். டிடிகே நிறுவனம் ஒரு கடினக் கோட்டிங்கைக் கொண்டுவந்த பிறகுதான் உறையைக் கழற்றினார்கள்.

ஆனால் பஞ்சு மெத்தையின் மேல் வைத்த கண்ணாடித் தட்டைப் போன்ற ஏற்பாடுதான் இது. தட்டு எவ்வளவு கடினமாக இருந்தாலும் அடியில் மெத்தை குழிந்தால் தட்டு வளையும், வளைந்தால் உடையும். கோட்டிங் மிக மெல்லியதாக இருந்தால் சுமையை அடியிலிருக்கும் மென்மைக்கே கடத்திவிடும். தடிமன் கூடினால் தானே வெடிக்கும். சூடும் எதிரி. பாலிகார்பனேட் ஒரு டிகிரிக்கு நீளத்தில் பத்து லட்சத்தில் 65 முதல் 70 பங்கு வரை விரிகிறது; சிலிக்கா நிறைந்த கோட்டிங் அவ்வளவு விரியாது. வெயிலில் நிற்கும் காருக்குள் லென்ஸை விட்டுப் போனால் சிலந்தி வலை மாதிரி நுண் விரிசல் வருவது இதனால். அதைக் கீறல் என்று நினைத்துத் துணியைக் குற்றம் சொல்வார்கள். துணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. துணியின் பாவம் வேறு: உலர்ந்த லென்ஸைத் துடைக்கும்போது தூசியிலுள்ள குவார்ட்ஸ் துணுக்குகளைப் பிடித்து இழுத்துச் செல்கிறது. முதலில் தண்ணீரில் அலசிவிட்டுத் துடைத்தால் பாதிக் கீறல் குறையும். எந்தக் கோட்டிங் வாங்கினாலும் இது பொருந்தும்.

கோட்டிங் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சாலையில் போகும் பழைய கார்களின் முகப்பு விளக்குகளைப் பார்த்தால் போதும். அமெரிக்க விதிகள் 1983இல் இளகிய பிறகு, கண்ணாடி விளக்கு மூடிகளின் இடத்தைப் பாலிகார்பனேட் பிடித்துக்கொண்டது. அந்த மூடியின் மேலுள்ள கோட்டிங் இரண்டு வேலை செய்கிறது: மணலையும் தூசியையும் தாங்குவது, புற ஊதாக் கதிரை விழுங்குவது. கீறல்கள் சேரச் சேர, வெயில் தின்னத் தின்ன, கோட்டிங் மெலிந்து அடியிலுள்ள பாலிகார்பனேட் மஞ்சளாகிறது. உப்புத்தாளும் பாலிஷும் போட்டுத் தேய்த்தால் அன்றைக்கு விளக்கு புதுசு போல மின்னும். மிச்சமிருந்த கோட்டிங்கையும் சேர்த்துத்தான் தேய்த்து எடுத்திருக்கிறார்கள் என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும். இந்த முறை மங்கல் முன்பைவிடச் சீக்கிரம் வரும். தேய்த்துத் தருகிறேன் என்பவரிடம், தேய்த்த பிறகு மேலே புற ஊதாவைத் தாங்கும் கிளியர் கோட் அடிப்பாரா என்று மட்டும் கேளுங்கள். பற்பசையே போதும் என்று சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.